படத்தில் இருப்பது எந்த ஈ?

சிவப்புக் கண், தேன் நிற உடம்பு, கண்ணாடி மாதிரி இறக்கை, இரண்டு மில்லிமீட்டர் நீளம். இப்படி ஒரு படத்தைக் காட்டினால் பார்ப்பவர்கள் உடனே "பழ ஈ" என்று சொல்லிவிடுவார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதே அளவில், இதே நிறத்தில், கண்ணும் செம்மை படர்ந்து லாக்ஸானிடே குடும்பத்திலும் ஈக்கள் உண்டு. வேறு சில குடும்பங்களிலும் உண்டு. பழத்துக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல வருடங்களாகச் சின்ன ஈக்களின் படங்களைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்க முயன்றதில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் இதுதான்: ஈயில் முதலில் நம் கண்ணுக்குப் படுவது நிறம், கடைசியில் பார்க்க வேண்டியதும் நிறம். பெயருக்கான ஆதாரம் இறக்கையின் நரம்புகளிலும், உணர்கொம்பின் வடிவத்திலும், உடம்பில் எந்த இடத்தில் எந்தப் பக்கம் சாய்ந்து ரோமம் முளைத்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட ஈ, கொசு வகையினங்கள் மட்டும் 1,50,000-க்கு மேல். 150-க்கும் கூடுதலான குடும்பங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரை எட்டாதவை. 2012-இல் தாய்லாந்திலிருந்து விவரிக்கப்பட்ட யூரிப்ளாட்டியா நானக்நிஹாலி என்ற ஈ 0.4 மில்லிமீட்டர்தான். எறும்பின் உடலுக்குள் வளரும் ஒரு வம்சத்தைச் சேர்ந்தது அது. வெறும் கண்ணுக்கு அது ஒரு தூசி.

இந்தச் சிறுமை படத்தை என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 36 மில்லிமீட்டர் அகல சென்சார், 24 மெகாபிக்சல் கேமரா, ஒன்றுக்கு ஒன்று அளவில் படம் தரும் மேக்ரோ லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அகலவாக்கில் 6,000 பிக்சல். அதாவது ஒரு பிக்சலுக்கு 6 மைக்ரான். இரண்டு மில்லிமீட்டர் ஈ, தலை முதல் வால் வரை, சுமார் 330 பிக்சலில் முடிந்துவிடும். அதன் மார்பில் இருக்கும் தடித்த ரோமத்துக்கே ஓரிரு பிக்சல்தான் தேறும். மெல்லிய ரோமம் ஒரு பிக்சலுக்குள் கரைந்து காணாமல் போய்விடும். படத்தில் ரோமம் தெரியவில்லை என்பதும், ஈக்கு ரோமம் இல்லை என்பதும் ஒன்றல்ல. தவறான அடையாளங்கள் பலவும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இன்னொரு தொல்லை ஃபோகஸ் ஆழம். அதே லென்ஸில், லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்தால், துல்லியமாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மூன்று மடங்கு பெரிதாக்கினால் கால் மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கும். இறக்கை தெளிவாக வந்தால் முகம் போய்விடும். அதனால்தான் பலர் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கிறார்கள். அழகான படம் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஈ காலை லேசாக அசைத்திருந்தால், இணைத்த படத்தில் ஒரு ரோமம் இரண்டாகும், அல்லது இருந்த ரோமம் அழிந்துபோகும். ரோமத்தை எண்ண வேண்டுமென்றால் இணைக்காத மூலப் படங்களையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

சரி, ஒரு படம் கையில் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இது ஈதானா என்பதிலிருந்து. குளவி, தேனீ போல வேஷம் போடும் ஈக்கள் ஏராளம். ஈ வரிசைக்கு ஒரு ஜோடி இறக்கைதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னக் குமிழ் காம்பு இருக்கும். பறக்கும்போது சமநிலை காக்கும் உறுப்பு அது. பக்கவாட்டுப் படத்தில் மார்பின் பின்பகுதியில் வெளிர் மஞ்சளாகத் தட்டுப்படும். வீட்டு ஈ போன்றவற்றில் ஒரு செதில் அதை மறைத்திருக்கும்.

அடுத்தது உணர்கொம்பு. பல கணுக்கள் கோத்த மணிச்சரம் போல நீண்டிருந்தால் கொசு, சிறுகொசு வகையறா. குட்டையாக மூன்று துண்டாக இருந்து, மூன்றாவது துண்டிலிருந்து ஒரு மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருந்தால், நாம் வழக்கமாக ஈ என்று சொல்லும் கூட்டம். அந்த இழைக்கு அரிஸ்டா என்று பெயர். பழ ஈயின் அரிஸ்டாவில் மேலும் கீழும் நீண்ட கிளைகள் இருக்கும், நுனி கவட்டை போலப் பிரியும். நீர்க்கரைகளில் திரியும் எஃபிட்ரிடே குடும்பத்தில் கிளைகள் இருந்தால் மேல்பக்கம் மட்டும்தான், சீப்புப் பல் மாதிரி. முகமும் முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிவப்புக் கண் ஈயின் படத்தில் இந்த ஒரு இழை தெளிவாக விழுந்திருந்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

இறக்கை ஒரு வரைபடம். நரம்புகள் எங்கே கிளைக்கின்றன, எங்கே சேர்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், ஆனால் ஒரு குடும்பத்துக்குள் பெரிதாக மாறாது. பழகுவதற்கு எளிமையான உதாரணம் சற்றுப் பெரிய ஈ ஒன்று: வீட்டு ஈ. அதன் இறக்கையில் நடு நரம்பு நேராகப் போய்க்கொண்டிருந்து, விளிம்பை நெருங்கும்போது சட்டென்று முன்பக்கம் மடங்கி மேல் நரம்பை நோக்கிப் போகும். சிறிய வீட்டு ஈ எனப்படும் ஃபேனியா, பார்ப்பதற்கு அதன் தம்பி மாதிரியே இருக்கும். ஆனால் அதில் இந்த நரம்பு மடங்காமல் விளிம்பு வரை நேராகப் போகும். ஒரே ஒரு வளைவு, இரண்டு குடும்பங்கள்.

அந்தரத்தில் நின்றபடி பறக்கும் ஹோவர் ஈக்களில் இன்னொரு அழகான அடையாளம். இறக்கையின் நடுவே, எந்த நரம்போடும் சேராமல், ஒரு மடிப்புக்கோடு நரம்பு போலவே ஓடும். பொய் நரம்பு என்பார்கள். அது தெரிந்துவிட்டால் அந்த ஈ எவ்வளவு தத்ரூபமாகத் தேனீ வேஷம் போட்டிருந்தாலும் சிர்ஃபிடே குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வீட்டுக்குள்ளே திரியும் நாலு வகைச் சின்ன ஈக்களை இந்த இறக்கையை வைத்தே பிரித்துவிடலாம். இலை வடிவத்தில் அகலமாக, மயிர் அடர்ந்து, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் சாக்கடைப் பக்கம் வரும் அந்துப்பூச்சி ஈ. முன்விளிம்பில் சில தடித்த குட்டை நரம்புகள் பாதி வழியில் நின்றுபோய், மீதி இறக்கையில் மெல்லிய நரம்புகள் குறுக்கு இணைப்பே இல்லாமல் சாய்வாக ஓடினால் கூன்முதுகு ஈ, அதாவது ஃபோரிடே. அது பறப்பதைவிட விடுக்கென்று ஓடுவதைத்தான் அதிகம் பார்க்கலாம். தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் கறுப்புச் சிறுகொசுவுக்கு, நடு நரம்பு கோயில் மணியின் வடிவத்தில் கவட்டையாகப் பிரியும். முகத்தை நெருக்கமாக எடுத்தால் இரண்டு கண்களும் உணர்கொம்புக்கு மேலே ஒரு மெல்லிய பாலமாகச் சேர்ந்திருப்பதும் தெரியும். நாலாவது, பழ ஈ. அதன் இறக்கையின் முன்விளிம்பு நரம்பு இரண்டு இடங்களில் லேசாக வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெட்டு நூலிழை அளவுதான், ஆனால் நல்ல படத்தில் நிச்சயம் தெரியும்.

உட்காரும் விதமும் உதவும். கடிக்காத சிறுகொசு முன்னங்கால்களைத் தூக்கி நீட்டிக்கொண்டு உட்காரும். கடிக்கும் சிறுகொசு இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முதுகில் தட்டையாக மடித்துக்கொள்ளும். மணல் ஈ இறக்கைகளை மேலே விரித்து 'வி' வடிவில் நிறுத்தும். செப்சிடே குடும்பத்து ஈ, எறும்பு மாதிரி இடுப்பொடுங்கி, நடந்துகொண்டே இறக்கைகளை மாறி மாறி ஆட்டும். பலவற்றில் நுனியில் ஒரு கறும்புள்ளியும் இருக்கும். செத்த ஈயை ஊசியில் குத்தி வைத்திருந்தால் இதெல்லாம் தெரியாது. உயிருள்ள ஈயின் படத்துக்கு இருக்கும் தனி மதிப்பு இது.

இப்போது ரோமங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஈயின் உடம்பில் ரோமங்கள் கண்டபடி முளைப்பதில்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் பழ ஈயான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரின் முதுகில், ஒவ்வொரு பக்கமும் 11 பெரிய ரோமங்கள். ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு உணர்நரம்பு. புழுப் பருவம் முடிந்து கூட்டுப்புழுவாகும் கட்டத்திலேயே எந்த இடத்தில் எது முளைக்க வேண்டும் என்பது மரபணுக்களால் முடிவாகிவிடுகிறது. அதனால் ரோமங்களின் வரிசை ஒரு கையெழுத்து போல நம்பகமானது. 19-ஆம் நூற்றாண்டில், ரஷ்யத் தூதரக அதிகாரியாக இருந்த கார்ல் ராபர்ட் ஓஸ்டென்-சாக்கென் இதை முறைப்படுத்தி, ஒவ்வொரு ரோமத்துக்கும் பெயர் சொல்லி அழைக்கும் கலைக்குக் கீட்டோடாக்ஸி என்று பெயரும் வைத்தார். அலுவல் நேரம் போக ஈ ஆராய்ச்சி செய்த மனிதர்.

ரோமம் இருக்கிறதா என்பதோடு அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். பழ ஈயின் தலையில், கண்ணின் உள்விளிம்பை ஒட்டி ஒவ்வொரு பக்கமும் மூன்று ரோமங்கள். ஒன்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், மற்ற இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். உச்சந்தலையில் ஒற்றைக் கண்கள் எனப்படும் மூன்று சின்னப் புள்ளிக் கண்களுக்குப் பின்னால் ஒரு ஜோடி ரோமம் உண்டு. லாக்ஸானிடே குடும்பத்தில் அவை இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இலைச் சுரங்க ஈக்களான அக்ரோமைசிடேயில் இரண்டும் விலகிப் போகும். அவ்வளவு சின்ன விஷயம்தான், ஆனால் அதற்கு மேலிருந்து எடுத்த படம் ஒன்று வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். புல்மேல் ஒரு மஞ்சளும் கறுப்பும் கலந்த ஈ, இரண்டு மில்லிமீட்டர். ஒரு நண்பர் எனக்கு அனுப்பிய படம் அது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்று இலைச் சுரங்க ஈ என்று பேரினம் வரை சொல்லியிருந்தது: லிரியோமைசா. மஞ்சள் தலை, முதுகின் பின்முனையில் மஞ்சள் முக்கோணத் தட்டு, எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. படத்தை முழு அளவில் திறந்து உச்சந்தலையைப் பார்த்தேன். ஒற்றைக் கண்களைச் சுற்றி, நெற்றியில் பாதிக்கு மேல் நீண்டு, மெருகு போட்டதுபோல மின்னும் ஒரு பெரிய முக்கோணம். கண்ணோரத்தில் வரிசையாக இருக்க வேண்டிய பெரிய ரோமங்கள் இல்லை, வெறும் பூனைமுடிதான். பிறகு இறக்கைக்குப் போனேன். நடுவில் ஓடும் ஒரு நரம்பு, பாதி வழியில் லேசாகத் துள்ளி வளைந்து மறுபடி நேரானது. அந்தத் துள்ளலும் அந்த முக்கோணமும் குளோரோபிடே குடும்பத்துக்கு உரியவை. ஈ புல்லில் உட்கார்ந்திருந்ததும் அதற்கு ஒத்துப்போனது. அந்தக் குடும்பத்தில் பலவற்றின் புழுக்கள் புல்தண்டுக்குள் வளர்கின்றன. நிறம் சொன்னது ஒன்று, உடம்பு சொன்னது வேறு.

ரோமம் உதிர்ந்துபோனால்? அடியில் இருக்கும் குழி போகாது. தெளிவான படத்தில் அந்தக் குழியைத் தேடிப்பார்த்து இங்கே ஒரு ரோமம் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

செயலிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய ஈக்களில் அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் ஒரு செயலி தனக்குக் காட்டப்பட்ட இனங்களுக்குள்தான் பதில் தேட முடியும். பயிற்சிப் படங்களில் இல்லாத இனத்தின் பெயரை அது சொல்ல வழியே இல்லை. சின்ன ஈக்களில் பெரும்பாலானவை அந்த 'இல்லாத' பட்டியலில்தான் இருக்கின்றன. 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் பொறி வைத்துப் பிடித்த கூன்முதுகு ஈக்களிலிருந்து, மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 30 புதிய இனங்களை விவரித்தார்கள். அதுவும் ஒரு மாநகரத்தின் நடுவே. அந்த இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆண் ஈயின் வால்நுனி உறுப்புகளின் வடிவம். அதனால் சுவரில் ஓடும் ஒரு மெகாசீலியாவின் படத்துக்கு 'மெகாசீலியா' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மையான பதில்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு டிரோசோஃபிலாவைவிட நல்ல பாடம் இல்லை. மெலனோகாஸ்டர் 1830-இல் பெயர் பெற்ற ஈ. 1910-களில் உலகத்திலேயே மிக உன்னிப்பாகப் பார்க்கப்பட்ட பூச்சி அதுதான். அப்படியிருந்தும், அதன் கூடவே சிமுலன்ஸ் என்ற இன்னொரு இனம் கலந்து வாழ்கிறது என்பதை ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் 1919-இல்தான் எழுதினார். இரண்டையும் இணைத்தால் பிறக்கும் கலப்புச் சந்ததி மலடாக இருந்ததுதான் பெரிய ஆதாரம். உருவத்தில் பிரிக்க வேண்டுமானால் ஆணின் வால்நுனியில் இருக்கும் ஒரு மடலைப் பார்க்க வேண்டும். சிமுலன்ஸில் அது சிப்பி ஓடு போல அகன்று வட்டமாக இருக்கும், மெலனோகாஸ்டரில் சிறிதாகக் கொக்கி போல இருக்கும். பெண் ஈக்களைப் பார்த்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். ஆக, பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஈயின் படத்துக்குக் கீழே 'மெலனோகாஸ்டர்' என்று எழுதுவது யூகம் மட்டுமே.

சில இனங்கள் மட்டும் நம்மிடம் தயவாக இருக்கின்றன. பயிருக்குச் சேதம் விளைவிக்கும் டிரோசோஃபிலா சுசுகியின் ஆணுக்கு இறக்கை நுனிக்கு அருகே ஒரு கரும்புள்ளி. பெண்ணுக்கு முட்டையிடும் உறுப்பில் ரம்பப் பல். பழுத்துவரும் பழத்தின் கெட்டித் தோலைக்கூட அறுத்து முட்டையிட அந்தப் பல்தான் காரணம். புள்ளி வைத்த நெருங்கிய உறவினங்களும் இருப்பதால், ஆணின் முன்காலில் இருக்கும் கறுப்புச் சீப்புகளையும் பார்க்க வேண்டும். மெலனோகாஸ்டருக்கு ஒரு சீப்பு, சுசுகிக்கு அடுத்தடுத்த இரண்டு கணுக்களில் இரண்டு சீப்புகள்.

படம் மட்டும் போதுமா என்ற சண்டை ஆய்வாளர்களிடையேயும் நடந்தது. 2015-இல் ஸ்டீஃபன் மார்ஷல், நீல் ஈவன்ஹுயிஸ் இருவரும் தென்னாப்பிரிக்காவிலிருந்து மார்லியிமியா சைலோகோபே என்ற ஈயைப் படங்களை மட்டும் வைத்து, உடல் மாதிரி எதுவும் இல்லாமல், புதிய இனமாக அறிவித்தார்கள். தச்சன் வண்டு என்று நாம் சொல்லும் பெரிய தேனீயைப் போல வேஷம் போட்ட, எளிதில் அடையாளம் தெரியும் ஈ அது. மறுவருடமே 493 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு, படத்தை மட்டும் வைத்து இனம் விவரிப்பது போதாது, ஆபத்தும்கூட என்று எழுதினார்கள். என் மனம் அந்த 493 பேர் பக்கம்தான் சாய்கிறது. படத்தில் இல்லாத கோணத்தைப் பிறகு யாரும் திருப்பிப் பார்க்க முடியாது. உடல் இருந்தால், நூறு வருடம் கழித்து வருபவர்கூட நாம் கேட்கத் தெரியாத கேள்வியை அதனிடம் கேட்கலாம்.

ஏமாற்றும் விஷயங்கள் இன்னும் இரண்டு. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறிப் போய், இறக்கை கசங்கி, வேறு ஏதோ பூச்சி மாதிரி இருக்கும். சிலவற்றின் நெற்றியில் ஒரு பலூன் ஊதிக்கொண்டு நிற்கும். கூட்டின் மூடியை முட்டித் திறக்கும் பை அது. கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும், உணர்கொம்புக்கு மேலே கவிழ்த்த 'யு' வடிவத்தில் ஒரு தையல் மட்டும் மிஞ்சும். இரண்டாவது, வெப்பம். குளிர்ச்சியில் வளர்ந்த மெலனோகாஸ்டர் பெண்ணின் வயிறு, வெக்கையில் வளர்ந்ததைவிடக் கருமையாக இருக்கும். அதே இனம்தான், நிறம்தான் வேறு.

அப்படியென்றால் படம் எடுப்பவர் செய்ய வேண்டியது என்ன? ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட, மூன்று கோணத்தில் ஒவ்வொன்று போதும். நேர் மேலிருந்து ஒன்று, தலை ரோமங்களுக்கும் முதுகுக்கும். நேர் பக்கவாட்டில் ஒன்று, கால், வால்நுனி, சமநிலைக் குமிழுக்கு. முகத்துக்கு நேராக ஒன்று. ஃபிளாஷ் போட்டால் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் மறைப்பு வேண்டும். இல்லாவிட்டால் மின்னும் மார்பில் ஒளி வெடித்து ரோமக் குழிகள் எல்லாம் வெளுத்துவிடும். அளவு தெரிய, ஈ போன பிறகு அதே இடத்தில் ஒரு அளவுகோலை வைத்து அதே தூரத்தில் இன்னொரு படம்.

அப்புறம், ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் சின்ன ஈக்களை ஊதித் தள்ளிவிட வேண்டாம். ஒரு ஈரத் தூரிகை நுனியால் எடுத்து, இறக்கையை மெல்ல விரித்து, முதலில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் படம் எடுங்கள். நரம்புகள் கோடு கோடாகத் தெரியும். பிறகு அதே இறக்கையைக் கறுப்புக் காகிதத்துக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நிறமே இல்லாத அந்தச் சவ்வில், சோப்புக் குமிழியில் ஓடுவது போல, ஊதாவும் பச்சையும் பொன்னிறமும் பட்டை பட்டையாக எழும். சவ்வின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் நிறம் அது. 2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, இந்தப் பட்டைகள் நிலையானவை, இனத்துக்கு இனம் வேறுபடுபவை என்று காட்டியது. அத்தனை காலமும் வெள்ளைப் பின்னணியிலேயே வைத்துப் பார்த்ததால் கவனிக்காமல் விட்ட நிறம் அது.